பகடை விழுந்த பிறகுதான் கதை

போக்கிமான் கதைச் சவாலுக்கு நடுவராக உட்காருகிறவர் ஒரே ஆள் இல்லை, மூன்று ஆள். எதிரே நிற்கும் பாஸ் மிருகத்தின், அதாவது கடைசிப் பெரிய எதிரியின், மூளை அவர்தான். அந்த மிருகத்துக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் நின்று கணக்குப் பார்த்துத் தீர்ப்பு சொல்பவரும் அவரே. முடிந்த பிறகு நடந்ததை எல்லாம் கதையாக எழுதிக் கொடுப்பவரும் அவரேதான். எதிரியே நீதிபதியாகவும் இருப்பது வேறு எந்தப் போட்டியிலும் செல்லாது. இங்கே செல்கிறது, வேறு வழி இல்லாததால் செல்கிறது. அதை நேர்மையாகச் செய்வது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. போக்கிமான் சண்டையை நடத்த நடுவர் என்று ஒருவர் தேவையே இல்லை. ஷோடவுன் போன்ற சிமுலேட்டரில் இருவரும் தங்கள் போக்கிமான் செய்ய வேண்டிய மூவைத் தேர்ந்தெடுத்த அடுத்த நொடி முடிவு திரையில் வந்துவிடும், அதில் தப்புக்கும் சந்தேகத்துக்கும் இடமில்லை. ஆனாலும் கையால் நடத்தும் சண்டை என்று ஒன்று பல வருடங்களாக உயிரோடு இருக்கிறது. ஆட்டக்காரர் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று ஆர்டர்களை எழுதி அனுப்புவார், கூடவே “இப்படி ஆனால் அதற்குப் பதில் இதைச் செய்” என்று நிபந்தனையோடு மாற்று ஆர்டரும் கொடுப்பார். நடுவர் அதை எடுத்துக்கொண்டு பகடை போட்டு, ஹெச்பி (மிச்சமிருக்கும் உயிர்ப் புள்ளி) கழித்து, என்ன நடந்தது என்று எழுதுவார். இதில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதினால் அது சாதாரணப் போட்டி. ஒரு ஆட்டக்காரர் தன் போக்கிமான்களோடு ஒரு இடத்துக்குள் நுழைந்து, கட்டம் கட்டமாக எதிரிகளைத் தாண்டி, கடைசியில் ஒரு பாஸைச் சந்தித்தால் அது கதைச் சவால். அந்த எதிரிகள் அத்தனை பேரையும் ஓட்டுவது நடுவர்.

எழுதிக் கொடுத்த உத்தரவை நடுவர் தீர்த்துவைப்பது போக்கிமானோடு வந்த பழக்கம் இல்லை. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-ல் ஒரு போர் விளையாட்டைச் சீர்செய்து கொடுத்தார். இரண்டு பக்க அதிகாரிகளும் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள், அவர் அட்டவணையைப் பார்த்து, பகடை உருட்டி, வரைபடத்தில் படைகளை நகர்த்துவார். எதிரியின் படை எங்கே இருக்கிறது என்பது ஒரு பக்கத்துக்குத் தெரிய வேண்டிய அளவுக்கு மட்டுமே தெரியும். ஐம்பது வருடம் கழித்து, 1876-ல், வெர்டி டு வெர்ன்வா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, இந்த அட்டவணையும் பகடையும் ஆட்டத்தை இழுத்தடிக்கின்றன, அனுபவமுள்ள நடுவர் தன் புத்தியால் தீர்ப்பு சொன்னால் போதும் என்று வாதாடினார். இந்த இரண்டு கருத்துக்கும் நடுவில் இருந்த சண்டை இன்றைக்கும் தீரவில்லை. ஒவ்வொரு புது நடுவரும், பெயர் தெரியாமலே, இந்த இருவரில் ஒருவர் பக்கம் சாய்கிறார்.

நான் ரைஸ்விட்ஸ் பக்கம். முழுக்க இல்லை, முக்கால்வாசி. எது நடக்கலாம், எது நடக்கவே முடியாது என்ற எல்லையை நடுவரின் புத்தி வகுக்கட்டும். அந்த எல்லைக்குள் எது நடந்தது என்பதைப் பகடைதான் சொல்ல வேண்டும். கதை அதற்கும் பின்னால் வர வேண்டும். இந்த வரிசை மாறினால், நடுவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஆட்டக்காரர் விளையாடுவதை விட்டுவிட்டு நடுவரைச் சந்தோஷப்படுத்த ஆரம்பித்துவிடுவார்.

ஒரு சுற்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இடம், வெள்ளம் புகுந்த பழைய சுரங்கம். பாஸ், ஒரு கியாரடோஸ். பாஸ் என்பதால் அதன் ஹெச்பி சாதாரண கியாரடோஸைவிடப் பல மடங்கு, அது சவாலின் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரரிடம் மிச்சம் இருப்பது தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த ஒரு லான்டர்ன், எபிலிட்டி (பிறவித் திறன்) வாட்டர் அப்சார்ப். முதல் சுற்றில் கியாரடோஸ் வாட்டர்ஃபால் அடித்தது. தண்ணீர் மூவ் பட்டால் வாட்டர் அப்சார்ப் உள்ள போக்கிமானுக்கு அடி விழாது, உடம்புதான் தேறும். தேறியது.

இதில் ஒரு கேள்வி வருகிறது. லான்டர்னின் எபிலிட்டி என்ன என்று எனக்கு, நடுவருக்கு, முதலிலிருந்தே தெரியும். மிருகத்துக்குத் தெரியுமா? தெரியாது என்பதுதான் என் பதில். அதனால்தான் முதல் சுற்றில் அது தன் இயல்புப்படி தண்ணீரால் அடித்தது. அடித்து, எதிரி தேறுவதைப் பார்த்த பிறகு தெரிந்துகொண்டது. இந்த “மிருகத்துக்கு எவ்வளவு தெரியும்” என்பதை சவால் தொடங்கும் முன்பே நான் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவேன். சுரங்கத்தில் காலம் காலமாகத் தனியாகக் கிடந்த கியாரடோஸுக்குக் கண்ணால் பார்த்தது மட்டும் தெரியும். ஒரு பயிற்சியாளரோடு நிற்கும் பாஸ் என்றால் கதை வேறு, அந்த ஆளுக்கு எந்த வகை அடி எந்த வகைப் போக்கிமானுக்கு எவ்வளவு வலிக்கும் என்ற டைப் அட்டவணை மனப்பாடமாக இருக்கும். இப்படி முன்னாலேயே எழுதி வைக்காவிட்டால், சுற்று இறுகும்போது மிருகம் திடீரென்று நடுவரின் அறிவோடு விளையாட ஆரம்பிக்கும். ஆட்டக்காரருக்கு அது உடனே மணக்கும்.

சரி, இரண்டாவது சுற்று. ஆட்டக்காரரின் ஆர்டரைத் திறந்து பார்க்கும் முன்பே பாஸின் மூன்று மூவையும் முடிவு செய்து பூட்டி வைத்துவிட்டேன்: டிராகன் டான்ஸ், எர்த்குவேக், எர்த்குவேக். பூட்டி வைப்பது என்றால் மனதுக்குள் நினைத்துக்கொள்வது இல்லை. சக நடுவர் ஒருவருக்கு அதை அனுப்பிவிடுவேன், பிறகு மாற்ற முடியாது. அப்புறம்தான் ஆட்டக்காரர் அனுப்பியதைத் திறந்தேன். ரெய்ன் டான்ஸ், தண்டர், தண்டர். மாற்று ஆர்டர் ஒன்று: லான்டர்னின் ஹெச்பி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் தண்டருக்குப் பதில் ப்ரொடெக்ட், அதாவது அந்த முறை வரும் அடியைத் தடுக்கும் மூவ்.

முதல் டர்னில், அதாவது முதல் ஆர்டரின் முறையில், கியாரடோஸ் ஆடி முடித்தது, அட்டாக்கும் ஸ்பீடும் ஒரு படி ஏறின, அதாவது ஒன்றரை மடங்கு. லான்டர்ன் மழையைக் கொண்டுவந்தது. மழை என்றால் தண்டர் என்ற மின்சார மூவுக்கு வழக்கமான எழுபது சதவீதக் குறிக் கணக்கே கிடையாது, குறி தப்பாது. இரண்டாவது டர்னில் வேகமான கியாரடோஸ் முதலில் எர்த்குவேக் அடித்தது. எர்த்குவேக் நில மூவ், லான்டர்ன் போன்ற மின்சார டைப்புக்கு நிலம் இரண்டு மடங்கு வலிக்கும், அட்டாக் வேறு ஏறியிருக்கிறது. லான்டர்னின் ஹெச்பி பாதிக்கு மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது.

இப்போது லான்டர்ன் என்ன செய்யும்? தண்டரா, ப்ரொடெக்டா?

எங்கள் விதிப்படி நிபந்தனையை ஒவ்வொரு டர்னும் தொடங்கும்போது ஒருமுறை சரிபார்க்க வேண்டும், நடுவில் இல்லை. இரண்டாவது டர்ன் தொடங்கும்போது ஹெச்பி பாதிக்கு மேல் இருந்தது, அதனால் தண்டர்தான். மூன்றாவது டர்ன் தொடங்கும்போது நிபந்தனை பொருந்துகிறது, ப்ரொடெக்ட். ஆட்டக்காரர் முடிவைப் படித்ததும் முதல் கேள்வி இதுதான் வந்தது: “ப்ரோ, என் ப்ரொடெக்ட் ஏன் ரெண்டாவது டர்ன்லயே போகல?” நியாயமான கேள்வி. அவர் கேட்டபடி நடுவில் சரிபார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிக் காட்டினேன். அடி ஏற்கனவே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ப்ரொடெக்ட் போட்டால் தடுக்க எதுவும் இல்லை, ஒரு தண்டர் வீண், அடுத்த டர்னில் மறுபடியும் ப்ரொடெக்ட் போட வேண்டி வரும், அடுத்தடுத்துப் போட்டால் அது பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகிவிடும். விதி அவருக்குச் சாதகமாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் சாதகமாக இருந்ததால் நான் அப்படித் தீர்ப்பு சொல்லவில்லை, பாதகமாக இருந்திருந்தாலும் அதேதான், என்பதையும் சேர்த்து எழுதினேன். இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதாமல் விடும் நடுவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

சுற்றுக்குத் திரும்புவோம், ஏனென்றால் நல்ல இடம் இனிமேல்தான். தண்டர் பட்டது. தண்ணீரும் பறத்தலும் சேர்ந்த கியாரடோஸுக்கு மின்சாரம் நான்கு மடங்கு. தண்டர் பட்டால் முப்பது சதவீதம் முடக்கம் வரலாம், அதற்கான ரோல், அதாவது பகடை, போட்டேன், நூற்றுக்கு 22 விழுந்தது. கியாரடோஸ் முடங்கியது. முடக்கம் ஸ்பீடைப் பாதியாக்கும். டிராகன் டான்ஸால் ஒன்றரை மடங்கான ஸ்பீடு பாதியானால் முக்கால். கியாரடோஸின் அடிப்படை ஸ்பீடு 81, லான்டர்னுக்கு 67. முக்காலுக்கு இறங்கினால் இத்தனை நேரம் மந்தமாக நின்ற லான்டர்ன் இப்போது வேகமானது! ஆட்டக்காரர் இதைத் திட்டமிடவில்லை, நானும் திட்டமிடவில்லை. மூன்றாவது டர்னில் ப்ரொடெக்ட் எர்த்குவேக்கைத் தடுத்தது. மழை போட்ட டர்னையும் சேர்த்து ஐந்து டர்ன் நிற்கும், மூன்று போய்விட்டது, மீதி இரண்டு. அடுத்த சுற்றில் தப்பாத தண்டர் இரண்டு கையில் இருக்கிறது, முதலில் அடிக்கும் வேகமும் இருக்கிறது, ஹெச்பிதான் இல்லை.

இந்த நிலையை எந்தக் கதாசிரியரும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியிருக்கலாம். ஆனால் எழுதியது என்று தெரிந்தால் அதன் மதிப்பு பாதி. 22 விழுந்ததால் நடந்தது என்பதால்தான் ஆட்டக்காரர் அடுத்த ஆர்டரை அனுப்ப அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் ரோல் அத்தனையும் வெளியே தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலில் குறி, அடுத்து கிரிட்டிகல் (வழக்கத்தைவிடக் கடுமையாக விழும் அடி), அடுத்து அடியின் அளவு, கடைசியில் பக்க விளைவு. இந்த வரிசையை முன்பே அறிவித்துவிட்டு, அதே வரிசையில் போட்டு, எண்களைக் கதைக்குக் கீழே அப்படியே வைத்துவிட வேண்டும். திரைக்குப் பின்னால் பகடை உருட்டும் பழக்கம் மேசையில் ஆடும் கதை விளையாட்டுகளில் நீண்ட காலமாக உண்டு. அங்கே ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே முகம் இல்லை, எண்தான் முகம்.

ஒரு விஷயத்தை எல்லா ஆட்டக்காரர்களும் நம்ப மறுப்பார்கள்: எழுபது சதவீதம் என்றால் உறுதி இல்லை. மனசு அதைக் கிட்டத்தட்ட உறுதி என்று எடுத்துக்கொள்கிறது. மழை இல்லாமல் தண்டர் இரண்டு முறை அடுத்தடுத்து தப்ப ஒன்பது சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதாவது பதினோரு முறைக்கு ஒருமுறை நடக்கும். இது அபூர்வமே இல்லை. ஆனால் நடக்கும் அன்றைக்கு நடுவர் சதி செய்தது போலத் தெரியும். எண்கள் வெளியே இருந்தால் கோபம் பகடை மேல் போகும். இல்லாவிட்டால் நடுவர் மேல் வரும், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்து, இடத்தை வைத்து விளையாடுவது. கையால் நடத்தும் சண்டையின் கவர்ச்சியே இதுதான். இதற்கெல்லாம் மூலம் 1997-ல் தொடங்கிய போக்கிமான் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர்தான். அதில் ஆரம்பத்திலேயே மின்சாரப் பிக்காச்சு நில டைப் ஆனிக்ஸோடு மோதும். விளையாட்டில் நில டைப் மேல் மின்சாரம் பூஜ்யம், எத்தனை முறை அடித்தாலும் பூஜ்யம்தான். அனிமேயில் நெருப்புப் பிடித்து, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டி, நனைந்த ஆனிக்ஸுக்கு மின்சாரம் ஏறிவிடும். அதைப் பார்த்து வளர்ந்த ஒவ்வொரு ஆட்டக்காரரும் என்றாவது ஒருநாள் “சுரங்கத்தில்தான் தண்ணீர் இருக்கிறதே, ஆனிக்ஸ் நனைந்திருக்கும், தண்டர்போல்ட் படும்” என்று ஆர்டர் அனுப்புவார்.

நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் வெறுமனே “முடியாது” என்று சொல்லி அனுப்புவதும் இல்லை. சோக் என்று ஒரு மூவ் இருக்கிறது, பட்டால் எதிரியின் டைப் வெறும் தண்ணீராக மாறிவிடும். பாறையும் நிலமுமான ஆனிக்ஸை முதலில் சோக் அடித்து நனைத்துவிட்டு அப்புறம் தண்டர்போல்ட் அடித்தால் பூஜ்யம் இல்லை, இரண்டு மடங்கு. அனிமேயில் கூரை செய்த அதே வேலையை விளையாட்டுக்குள்ளேயே ஒரு மூவ் செய்கிறது. ஒரு டர்ன் செலவாகும், அவ்வளவுதான். வழி இருக்கிறது, விலை இருக்கிறது, விலையைக் கொடு என்று காட்டிவிடலாம்.

இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கதைகள் விதிகளுக்குள்ளேயே நிறையப் புதைந்திருக்கின்றன. டிக் போட்டு மண்ணுக்குள் ஒளிந்திருப்பவர் மேல் எர்த்குவேக் விழுந்தால் இரண்டு மடங்கு. ஃப்ளை போட்டு வானத்தில் இருப்பவரைத் தண்டர் தேடிப் பிடிக்கும். உறைந்து கிடக்கும் போக்கிமான் மேல் நெருப்பு மூவ் பட்டால் பனி உருகிவிடும், எதிரி உதவி செய்தது போல ஆகிவிடும். புல் டைப் மேல் பொடி மூவ் ஏறாது. இவற்றைத் தெரிந்து வைத்திருக்கும் நடுவருக்குப் புது விதி கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. சுரங்கத்துக்கென்று தனி விதி வேண்டும் என்றால், உதாரணமாக இந்த அறையில் எர்த்குவேக் மூன்று முறை அடித்தால் கூரை இடிந்து இரண்டு பக்கமும் அடிபடும் என்று வைக்க வேண்டும் என்றால், ஆட்டக்காரர் அந்த அறைக்குள் நுழையும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே வந்த பிறகு கூரையை இடிப்பது கதை இல்லை, அநியாயம்.

எழுதுவதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கறாரான கொள்கை உண்டு. பகடை செய்ததை ஆட்டக்காரர் தலையில் கட்டக் கூடாது. மூவ் தப்பினால், “அவசரப்பட்டு அடித்ததில் குறி தப்பியது” என்று எழுதுவது எல்லா நடுவர்களின் கைப்பழக்கம். யார் அவசரப்பட்டது? அந்த லான்டர்னுக்கு ஆட்டக்காரர் பெயர் வைத்திருக்கிறார், பல சவால்களில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அது சரியாகத்தான் அடித்தது. கியாரடோஸ் தண்ணீருக்குள் அமிழ்ந்தது, மின்னல் மேலேயே பரவிப் போனது என்று எழுதலாம். எதிரியின் திறமை, இடத்தின் குணம், தண்ணீரின் ஓட்டம், இவற்றில் ஏதாவது ஒன்றில் காரணத்தை வைத்துவிடலாம். எப்போதும் ஒன்று கிடைக்கும்.

கிரிட்டிகல் விழுந்து தோற்பது இதைவிடக் கஷ்டம். இன்றைய கணக்கில் கிரிட்டிகல் விழ இருபத்து நான்கில் ஒரு வாய்ப்பு, அடி ஒன்றரை மடங்கு. பல வாரம் ஓடிய சவாலின் கடைசி அறையில், இன்னும் ஒரு டர்ன் தாங்கினால் ஜெயிப்பு என்ற இடத்தில், அந்த எண் விழும். விழத்தான் செய்யும். அந்த நேரத்தில் நடுவரின் கை நடுங்கும். நான்தான் பாஸ், நான்தான் நீதிபதி, இந்த ஒரு எண்ணை மட்டும் மறுபடி உருட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது, கதையும் எவ்வளவு அழகாக முடியும் என்று தோன்றும்.

செய்யக் கூடாது. ஒருமுறை காப்பாற்றினால் அந்த ஆட்டக்காரரின் வெற்றி நடுவர் போட்ட பிச்சை. அவருக்குத் தெரியாது என்பதால் அது பிச்சை இல்லை என்று ஆகிவிடாது. அவருக்கு முன்னால் அதே அறையில் அதே எண்ணுக்குத் தோற்றுப் போனவர்களுக்கு என்ன பதில்? நூஸ்லாக் ஆடுகிறவர்களைப் பாருங்கள், 2010-லிருந்து பரவிய பழக்கம் அது. மயங்கி விழுந்த போக்கிமானைச் செத்ததாக வைத்துக்கொண்டு, அதை இனி எடுப்பதில்லை என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொள்கிறார்கள். நடுவர் இல்லை, பார்ப்பவர் இல்லை, ஏமாற்றினால் கேட்க நாதி இல்லை, அப்படியும் பிடித்த போக்கிமானைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தோல்வியைத் தாங்கும் தெம்பு நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்களுக்குப் பரிவு காட்ட வேண்டும் என்றால் அந்தத் தோல்வியை நன்றாக எழுத வேண்டும். கூடுதலாக இரண்டு பத்தி எழுதுங்கள். கடைசி டர்ன் வரை அவர்கள் எடுத்த முடிவுகளில் எது கியாரடோஸை எவ்வளவு தூரம் தள்ளியது என்று காட்டுங்கள். நான் தோற்ற ஆட்டக்காரருக்கு எழுதும் கடைசிச் சுற்று எப்போதும் ஜெயித்தவருக்கு எழுதுவதைவிட நீளமாக இருக்கும்.

வேகம் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் சுற்று தாமதமாக வந்தால் சவால் செத்துவிடும். நேரம் இல்லாத நாளில் எண்களை மட்டும் போட்டுவிட்டு நான்கு வரி எழுதினால் போதும், ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை.

கடைசியாக, கைமாற்றுவது. கதைச் சவால் நீளமானது, நடுவில் நடுவருக்கு வேலை வந்துவிடும், உடம்புக்கு முடியாமல் போகும், இன்னொருவர் எடுத்து நடத்த வேண்டியிருக்கும். கைமாறிய சவால்கள் கெட்டுப் போவது பெரும்பாலும் எண்களால் இல்லை. ஹெச்பி, முடக்கம், மழையில் மீதி இரண்டு டர்ன், இதையெல்லாம் எல்லோரும் ஒழுங்காகக் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். விடுபடுவது கதை கொடுத்த வாக்குறுதிகள். இரண்டாவது அறையில் சுவரில் ஒரு விரிசல் வழியாகக் காற்று வந்தது என்று நான் எழுதியிருந்தேன் என்றால், ஆட்டக்காரர் அதை மனதில் வைத்திருக்கிறார், என்றாவது அங்கே திரும்பி வந்து அந்தச் சுவரை உடைப்பார். புது நடுவருக்கு அது வெறும் வர்ணனை. அதனால் கைமாற்றும்போது மூன்று தாள் கொடுக்கிறேன். எண்கள் ஒன்று, மிருகத்துக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது ஒன்று. மூன்றாவதில், இதுவரை எழுதியதில் எதெல்லாம் நிஜமாகவே அங்கே இருக்கிறது, தொட்டால் என்ன ஆகும், அதற்கு எந்த ரோல் என்று வரிசையாக இருக்கும். விரிசலுக்கு எதிரே எழுதியிருப்பது: ஃபைட்டிங் (சண்டை) டைப்பின் எந்த மூவும் உடைக்கும், ரோல் தேவையில்லை, பின்னால் வெளியே போகும் வழி.